வருடத்துக்கு ஆறு நிமிடம்

எங்கள் வீட்டு செஃபிரோவுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. நிசான் ஏ31. தொண்ணூறுகளில் எங்கள் தாமானில் அந்தக் கார் நுழைந்தால் பிள்ளைகள் பந்து விளையாடுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அப்பா கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். 1998-இல் பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரம், யாரோ பணமுடையில் விற்ற அந்தக் காரை வாங்கி வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். அம்மா எலுமிச்சம்பழம் வைத்தார். எனக்கு அப்போது பத்து வயது.

கார் பைத்தியம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்ததுதான். அதற்கு முந்தைய ஆண்டு அவர் என்னை மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து, பத்து தீகாவுக்கு அழைத்துப் போனார். உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் அப்போது அங்கேதான் நடந்தது. செப்பாங் ஓட்டப் பாதை 1999-இல்தான் வந்தது. பந்தயத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது நினைவில் இல்லை. காதில் இரைந்த சத்தமும், அப்பா வாங்கிக் கொடுத்த ஐஸ் கிரீமும் நினைவிருக்கின்றன.

2016-இல் அந்தக் காரின் இரண்டு லிட்டர் எஞ்சின் ஓய்ந்துபோனது. புகை, ஆயில் குடி, காலையில் இருமல். காரை விற்றுவிடலாம் என்றார் அக்கா. நான் கேட்கவில்லை. கப்பார் சாலையில் பட்டறை வைத்திருக்கும் போமேன் அண்ணனிடம் போய், ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப்-கட் ஒன்றிலிருந்து இரண்டரை லிட்டர் டர்போ எஞ்சினை, ஆர்பி25, அதன் நான்கு கியர் ஆட்டோ பெட்டியோடு இறக்கினோம். புஸ்பாகோம் சோதனை, ஜேபிஜே அனுமதி, பதிவில் எஞ்சின் எண் மாற்றம் என்று முறையான வழியிலேயே போனேன்.

"ஏன் தம்பி ஆட்டோ? மேனுவல் போட்டுட்டா வேலை முடிஞ்சிருமே" என்றார் அண்ணன்.

"அப்பாவுக்கு முட்டி வலிண்ணே. கிளட்ச் மிதிக்க முடியாது."

அந்த ஒரு வரியில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

இரண்டு மின்விசிறிகள்

ஆட்டோ காரில் கிளட்ச் இல்லை. எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே, பெரிய பூசணிக்காய் அளவில் ஓர் உருண்டை இருக்கும். டார்க் கன்வெர்ட்டர் என்று பெயர். மேசை மின்விசிறிகள் இரண்டை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் சுழல விட்டால், அது தள்ளும் காற்றில் மற்றதும் மெல்லச் சுழலத் தொடங்கும் அல்லவா? அதே வேலைதான். காற்றுக்குப் பதில் ஆயில். எஞ்சினோடு பிணைந்த விசிறி ஆயிலைத் தள்ள, கியர் பெட்டியோடு பிணைந்த விசிறி அந்த வேகத்தில் சுழலும். நடுவில் மூன்றாவதாக ஒரு சின்ன விசிறி உண்டு. திரும்பி வரும் ஆயிலை அது மடக்கி, சரியான கோணத்தில் மறுபடி உள்ளே அனுப்புகிறது. கார் புறப்படும் நொடியில் எஞ்சினின் முறுக்கு விசை ஏறத்தாழ இரண்டு மடங்காகச் சக்கரத்துக்குப் போவது அதனால்தான்.

சிவப்பு விளக்கில் பிரேக்கை மிதித்து நிற்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது, கார் நகராமல் நிற்கிறது. அந்த ஆயில் வழுக்குவதால் வரும் வசதி அது. இப்போது ஒரு கேள்வி. சக்கரம் அசையவே கூடாது என்று கட்டிப்போட்டுவிட்டு, எண்ணெயை முழுதாக மிதித்தால், எஞ்சின் எதுவரை சுற்றும்? ஓர் இடத்துக்குமேல் ஆயிலின் எதிர்ப்பு அதை ஏற விடாது. அந்த இடம்தான் ஸ்டால். நிமிடத்துக்கு எத்தனை சுற்று, அதாவது எத்தனை ஆர்பிஎம் என்று அதைச் சொல்வார்கள். எஞ்சின் அணைந்துபோவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கம்பெனியிலிருந்து வரும் சாதாரணக் கார்களில் இது 2,000 ஆர்பிஎம் பக்கத்தில் இருக்கும். என் காரில் அண்ணன் சோதித்தபோது 2,300. ஆனால் என் டர்போ மூச்சு பிடிப்பது 2,800-க்கு மேல்தான். செப்பாங் நேர்ப் பாதையில் டிராக் நாள் நடக்கும்போது பச்சை விளக்கு எரிந்ததும் என் கார், தூங்கி எழுந்த மாதிரி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் புறப்படும். அதற்குள் பக்கத்துத் தடத்தில் இருப்பவன் இரண்டு கார் நீளம் போயிருப்பான்.

கால் மைல், அதாவது 402 மீட்டர். அதை ஓடி முடிக்க என் கார் எடுத்துக்கொண்டது 15.1 வினாடி. முதல் 60 அடிக்கு மட்டும் 2.4 வினாடி. டிராக் ஓட்டுபவர்கள் நேரச்சீட்டில் முதலில் பார்ப்பது அந்த 60 அடியைத்தான். அங்கே விட்டது கடைசி வரை வளர்ந்துகொண்டே போகும். ஸ்டாலை உயர்த்தினால் எஞ்சின் டர்போ விழித்திருக்கும் இடத்திலிருந்தே புறப்படும். வேண்டியது இன்னும் தளர்வான ஒரு கன்வெர்ட்டர்.

"எத்தனை போடலாம்ணே?"

அண்ணன் உடனே எண் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "காரை எதுக்கு ஓட்டுற? அதைச் சொல்லு முதல்ல" என்றார்.

"ரெண்டுக்கும்தாண்ணே. வேலைக்கும் போவேன், செப்பாங்குக்கும் போவேன்."

"எது எவ்வளவுன்னு சொல்லு."

எனக்கு எரிச்சலாக இருந்தது. இது என்ன, கல்யாணத் தரகர் மாதிரி கேள்வி கேட்கிறார் என்று. அவர் 2,800 போதும் என்றார். எனக்கு அந்த எண் சின்னதாகத் தெரிந்தது. என் நண்பர்கள் எல்லாரும் 3,500, 4,000 என்று பேசிக்கொண்டிருந்த நேரம்.

பெட்டியில் எழுதியிருந்த எண்

ஆஸ்திரேலியாவில் நிசானின் இந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் குடும்பத்துக்கு ஒரு பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. 1986 முதல் 1988 வரை அங்கே விற்ற ஹோல்டன் கமோடோர் காரிலேயே நிசானின் மூன்று லிட்டர் எஞ்சின்தான் இருந்தது. அதனால் அந்த நாட்டில் இதற்கான உயர் ஸ்டால் கன்வெர்ட்டர்கள் கிடைக்கும். ஒருவர் பிரித்தும் பார்க்காமல் வைத்திருந்த ஒன்று கைமாறி வந்தது. பெட்டியில் 3,200 என்று எழுதியிருந்தது. அண்ணன் சொன்ன 2,800-க்கும், நண்பர்கள் சொன்ன 3,500-க்கும் நடுவே இருக்கிறது, நியாயமான சமரசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நாலாயிரம் வெள்ளிக்கு மேல் எண்ணிக் கொடுத்தேன்.

முதல் தவறு அங்கேதான். பெட்டியில் எழுதியிருக்கும் எண் அந்த உருண்டையின் குணம் மட்டும் அல்ல. எந்த எஞ்சினுக்குப் பின்னால் மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். ஒரே கன்வெர்ட்டர் பலம் குறைந்த எஞ்சினுக்குப் பின்னால் குறைந்த ஸ்டாலும், பலமான எஞ்சினுக்குப் பின்னால் கூடுதல் ஸ்டாலும் காட்டும். அது முறுக்கு விசையின் வர்க்க மூலத்தோடு ஏறுகிறது. விசை இரண்டு மடங்கானால், ஸ்டால் ஏறத்தாழ 1.4 மடங்காகும்.

எனக்கு வந்த கன்வெர்ட்டருக்கு 3,200 என்று கணக்கிட்டது டர்போ இல்லாத எஞ்சினுக்கு. அதன் முறுக்கு விசை 230 நியூட்டன் மீட்டர் என்று வையுங்கள். என் எஞ்சின் 320. 320-ஐ 230-ஆல் வகுத்தால் 1.39. அதன் வர்க்க மூலம் 1.18. 3,200-ஐ 1.18-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 3,800. பள்ளிக்கூடத்துக் கால்குலேட்டரில் அரை நிமிட வேலை. அதை நான் போட்டுப் பார்க்கவில்லை.

டர்போ காரில் இன்னொரு முடிச்சும் உண்டு. டர்போ விழிக்காதவரை எஞ்சினுக்கு விசை குறைவு, அதனால் ஸ்டாலும் குறைவு. விழித்ததும் விசை ஏற, ஸ்டாலும் கூடவே ஏறும். ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும். ஆகவே "இது இத்தனை ஆர்பிஎம்" என்று ஒருவர் ஒரே எண்ணைச் சொன்னால், எந்த எஞ்சினில், எப்படி அளந்தது என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இரண்டாவது தவறு, அந்தக் கன்வெர்ட்டரில் லாக்-அப் இல்லை. சாதாரண ஆட்டோ கார்களில் கன்வெர்ட்டருக்கு உள்ளே ஒரு சின்ன கிளட்ச் இருக்கும். நெடுஞ்சாலை வேகம் வந்ததும் அது இரண்டு விசிறிகளையும் ஒன்றாகப் பூட்டிவிடும். வழுக்கல் நின்று, சூடும் குறையும், எண்ணெயும் மிச்சமாகும். பந்தயத்துக்கென்று செய்யும் பலவற்றில் அந்தக் கிளட்ச்சை எடுத்துவிடுவார்கள். என்னுடையதும் அந்த ரகம்.

மூன்றாவது தவறுக்கு முழுப் பொறுப்பும் நான்தான். "பெரிய ஆயில் கூலர் ஒண்ணு தனியா மாட்டிருவோம் தம்பி. ஆயில் சூடு பார்க்க ஒரு மீட்டரும்" என்றார் அண்ணன். அந்த மாதம் டயர் வாங்கிவிட்டதால், "அடுத்த மாசம் பார்க்கலாம்ணே" என்றேன்.

செப்பாங்கில் அது பறந்தது. அதை மறைக்க மாட்டேன். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு எண்ணெயை மிதித்தால் டர்போ சீறியது. விட்டதும் முதுகு இருக்கையில் ஒட்டியது. முதல் 60 அடி 2.05 வினாடி. முழுத் தூரம் 14.3. ஒரே மாற்றத்தில் 0.8 வினாடி. நேரச்சீட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

கூட்டரசு நெடுஞ்சாலையில்

அந்தச் சமயம் அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கி ஐந்து மாதம். இருபது வருட இனிப்பு நீர் கடைசியில் சிறுநீரகத்தில் வந்து நின்றது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். கிள்ளானில் அப்போது இடம் கிடைக்கவில்லை. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மையத்தில் கிடைத்தது. என் வேலையும் அங்கேதான் என்பதால் காலை ஆறு மணிக்கு அவரை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவேன். முடிந்ததும் பக்கத்தில் இருக்கும் அக்கா அழைத்துப் போய்ச் சோறு கொடுத்துப் படுக்க வைப்பார். மாலையில் என்னோடு வீடு திரும்புவார். மனைவியின் மைவி பிள்ளையின் பள்ளிக்கும் அவள் வேலைக்கும். ஆகவே அப்பாவின் கார், அப்பாவுக்கு.

மாலை ஐந்தரைக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளான் நோக்கிப் போயிருப்பவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. சுபாங் தாண்டியதும் கார்கள் நடக்கும். பத்து தீகாவில் நிற்கும்.

தளர்வான கன்வெர்ட்டர் பற்றி ஒரு தவறான பேச்சு உண்டு. 3,800 ஸ்டால் என்றால் 3,800 வரை எஞ்சினைச் சுற்றினால்தான் கார் நகரும் என்பார்கள். அப்படி இல்லை. மெல்ல மிதித்தால் அதற்கு வெகு கீழேயே கார் நகரும். ஆனால் நகரும் ஒவ்வொரு முறையும் வழக்கத்தைவிட அதிகம் வழுக்கும். முன்னே போகும் காரோடு ஒட்டி நகர, முன்பு 1,200 சுற்று போதும். இப்போது 1,800, மேம்பால ஏற்றத்தில் 2,300. வழுக்கும் சக்தி எங்கும் மாயமாகப் போவதில்லை. எல்லாம் ஆயிலில் சூடாகத்தான் இறங்கும். 80 டிகிரி பக்கத்தில் இருக்க வேண்டிய ஆயில் 120-ஐத் தாண்டினால் அதன் ஆயுள் வேகமாகத் தேயும். அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறைகளில் எல்லாரும் சொல்லும் கணக்கு. என் காரில் எத்தனை டிகிரி என்று பார்க்க மீட்டரும் இல்லை.

அது ஒரு வியாழக்கிழமை. பகலெல்லாம் வெயில். பத்து தீகாவைத் தாண்டி நெரிசலில் நாற்பது நிமிடம் ஊர்ந்திருப்போம். முதலில் ஒரு வாடை வந்தது, கருகிய பால் மாதிரி. அடுத்த காரிலிருந்து என்று நினைத்தேன். பிறகு எஞ்சின் சத்தம் ஏறியது, கார் ஏறவில்லை. பின்னால் வெள்ளைப் புகை. கொதித்து நுரைத்த ஆயில், கியர் பெட்டியின் மூச்சுக் குழாய் வழியாகப் பொங்கிப் புகைபோக்கிக் குழாயில் விழுந்து எரிந்துகொண்டிருந்தது. அவசரத் தடத்தில் ஒதுக்கினேன்.

டயாலிசிஸ் முடிந்த நாளில் அப்பாவுக்குக் கால் நிற்காது. தலை சுற்றும். தாகம் எடுக்கும், ஆனால் இஷ்டத்துக்குத் தண்ணீர் குடிக்கவும் கூடாது. காருக்குள் உட்கார வைக்க முடியவில்லை, புகை. கையைப் பிடித்து மெல்ல நடத்தி, தடுப்புக்கு அப்பால், மேம்பாலத்தின் நிழலில் என் அலுவலகப் பையைப் போட்டு அதன்மேல் உட்கார வைத்தேன். இழுவை லாரி வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அக்காவின் கணவர் அதே நெரிசலில்தான் வர வேண்டும். லாரிகள் போகும் காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஊசி குத்திய கையை அப்பா மடியில் வைத்து மற்றக் கையால் மூடிக்கொண்டிருந்தார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையசைத்து நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, கோபமே இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"வருஷத்துக்கு எத்தன நாளு ஐயா அங்க ஓடுற?"

"நாலு நாளுப்பா."

"எனக்கு வாரத்துக்கு மூணு நாளு" என்றார்.

அவ்வளவுதான். அதன் பிறகு அவர் சாலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

கணக்கு

அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். செப்பாங்கில் வருடத்துக்கு நான்கு நாள். ஒரு நாளைக்கு ஆறு ஓட்டம் என்றால் 24 ஓட்டம். ஓர் ஓட்டம் பதினான்கரை வினாடி. மொத்தம் 348 வினாடி. ஆறு நிமிடம்கூட முழுதாக இல்லை.

அப்பாவோடு வாரம் மூன்று நாள், வருடத்துக்கு 156 நாள். போக வர 312 பயணம். சராசரி 50 நிமிடம் என்றால் 260 மணி நேரம்.

ஆறு நிமிடத்துக்காக 260 மணி நேரத்தைக் கெடுக்கும் ஓர் உருண்டையை வாங்கி, அதைச் சமரசம் என்று பெயர் சொல்லி மாட்டியிருந்தேன். "எது எவ்வளவு" என்று அண்ணன் கேட்ட கேள்விக்கு அன்றைக்குத்தான் பதில் எழுதினேன்.

அந்தப் பில்லை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. கியர் பெட்டியைப் பிரித்துக் கருகிய கிளட்ச் தட்டுகளை வரிசையாகப் பழைய செய்தித்தாளில் அடுக்கிக் காட்டினார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

இந்த முறை முறையாக உட்கார்ந்தோம். எஞ்சின் எங்கே விசை பிடிக்கத் தொடங்குகிறது? 2,800. உச்ச விசைக்கு வெகு கீழே இல்லாமல், டர்போ விழிக்கும் இடத்தை ஒட்டி ஸ்டால் இருந்தால் போதும். காரின் எடை? ஆளோடு 1,400 கிலோவுக்கு மேல். பின் அச்சின் கியர் விகிதம்? அது எஞ்சினை வேகமாகச் சுற்ற விடும் ரகமாக இருந்தால், தளர்ந்த கன்வெர்ட்டருக்கு அவ்வளவு தேவை இல்லை. நெடுஞ்சாலையில் 110-இல் எஞ்சின் எத்தனை சுற்றுகிறது? லாக்-அப் பூட்டியிருந்தபோது 2,600. லாக்-அப் இல்லாத கன்வெர்ட்டரில் அது 3,000 ஆகியிருந்தது. கடைசியாக, டயர். சாலை டயருக்கு ஒரு பிடிமான எல்லை உண்டு. அதற்குமேல் புறப்பாட்டில் விசை கொடுத்தாலும் சக்கரம் சுற்றிப் புகைவிடுமே தவிர கார் முன்னே போகாது.

எல்லாவற்றையும் பார்த்து வந்த எண், அவர் முதல் நாள் சொன்ன அதே 2,800.

புதிதாக எதுவும் வாங்கவில்லை. காரில் முதலில் இருந்த கன்வெர்ட்டரை அண்ணன் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். கன்வெர்ட்டர் மட்டுமே செய்யும் ஒரு பட்டறைக்கு அனுப்பினோம். அங்கே கடைசல் இயந்திரத்தில் பற்றவைப்பை வெட்டி, தேங்காய் மூடி மாதிரி இரண்டாகப் பிரித்து, உள்ளே தகடுகளின் கோணத்தை மாற்றி, மறுபடி பற்றவைத்து, ஆடாமல் சுழல்கிறதா என்று சமநிலை பார்த்துக் கொடுத்தார்கள். லாக்-அப் கிளட்ச் அப்படியே இருந்தது. என் எஞ்சினின் விசையைச் சொல்லித்தான் கணக்குப் போட்டார்கள். முன்னால் ஒரு பெரிய ஆயில் கூலர். டேஷ்போர்டில் அப்பா பக்கமாக ஓர் ஆயில் சூடு மீட்டர், அந்தப் பக்கம்தான் இடம் இருந்தது.

மாட்டிய பிறகு ஸ்டாலைச் சோதித்தோம். பிரேக்கையும் கைப்பிரேக்கையும் பிடித்து, முழு எண்ணெய் மிதித்து, ஐந்து வினாடிக்கு மேல் போகாமல். அந்த ஐந்து வினாடியில் எஞ்சினின் முழுச் சக்தியும் ஆயிலைக் கொதிக்க வைப்பதற்கு மட்டுமே போகிறது. ஆனால் என் காரில் அந்தச் சோதனை சரியாக வராது. முழு ஸ்டால் எட்டுமுன் பின் சக்கரங்கள் பிரேக்கை மீறிச் சுற்றிவிடும். ஆளில்லாத இடத்தில் மெல்ல உருண்டுகொண்டிருக்கும் காரில் சட்டென்று முழுதாக மிதித்தால் முள் எங்கே தாவி நிற்கிறது என்று பார்ப்பதுதான் நம்பகமான வழி. முள் 2,800-க்கும் 2,900-க்கும் நடுவே நின்றது.

இனி நேரச்சீட்டு. செப்பாங்கில் முதல் 60 அடி 2.15 வினாடி. முழுத் தூரம் 14.5. அந்த 3,800 கன்வெர்ட்டரைவிட 0.2 வினாடி மட்டும் தாமதம். கடைசிக் கோட்டில் வேகமோ மணிக்கு 150 கிலோமீட்டரிலிருந்து 153 ஆகியிருந்தது. தளர்ந்த கன்வெர்ட்டர் முடிவில் வழுக்கி வீணாக்கிய சக்தி திரும்பி வந்திருந்தது. பழைய 15.1-ஐ நினைத்தால், வேண்டிய லாபத்தில் முக்கால் பங்கு இந்த அடக்கமான எண்ணிலேயே கிடைத்துவிட்டது. மிச்சமிருந்த அந்த 0.2 வினாடிக்குத்தான் ஒரு கியர் பெட்டியையும், அப்பாவின் ஒரு மாலையையும் விலை கொடுத்திருக்கிறேன்.

யாராவது கேட்டால்

இப்போது பட்டறைக்கு வரும் இளம் பையன்களை அண்ணன் சில நேரம் என்னிடம் பேசச் சொல்வார். வேலைக்குப் போகிற கார், விடுமுறையில் ஓடுகிற கார், இரண்டும் ஒன்றுதான் என்று வருகிறவர்கள். நான் அவர்களிடம் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன்.

பெட்டியில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். உங்கள் எஞ்சினின் விசையைச் சொல்லி, அதற்கு எத்தனை வரும் என்று கேளுங்கள். எஞ்சினில் வேறு எதையும் மாற்றப் போகிறீர்கள் என்றால் அதையும் முன்பே சொல்லுங்கள், விசை ஏறினால் ஸ்டாலும் ஏறும். லாக்-அப் இருக்கிறதா என்று கேளுங்கள். கூலரையும் சூடு மீட்டரையும் கன்வெர்ட்டரோடு சேர்ந்த செலவாக எண்ணுங்கள், அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள். இரண்டு எண்களுக்கு நடுவே தடுமாறினால் சின்ன எண்ணை எடுங்கள். சோதனையை எல்லாம் ஓட்டப் பாதையில் வைத்துக்கொள்ளுங்கள், ஊர்ச் சாலையில் இன்னொருவரின் அப்பா வந்துகொண்டிருப்பார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தாளை எடுத்து, அந்தக் காரில் யார் உட்காருகிறார்கள், வருடத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். பெரும்பாலோர் இந்த இடத்தில் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான்.

கிள்ளானிலேயே அப்பாவுக்கு இடம் கிடைக்கக்கூடும் என்று சொல்லியிருக்கிறார்கள். கிடைத்தால் பயணம் பத்து நிமிடமாகிவிடும். அதுவரை அதே சாலை, அதே நெரிசல். அந்த மேம்பாலத்தைக் கடக்கும்போது நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அப்பா மட்டும் இருக்கையைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு, கண்ணாடியை மூக்கில் சரிசெய்து, தன் பக்கத்து மீட்டரை எட்டிப் பார்ப்பார். துறைமுகத்தில் கிரேன் மேலிருந்து எடை சொன்ன அதே குரலில் அறிவிப்பார்.

"எம்பத்தி எட்டு. போலாம் போ."